ஈரப்பாத்தியில் நீர்ப்பிரம்மி: தண்ணீர் தேங்காமல் வீட்டில் வளர்ப்பது எப்படி?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் குழாயடி ஓரத்து ஈர மண் நன்றாக நினைவிருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வழிந்தோடும் அந்த இடத்தில் யாரும் விதைக்காமலே வல்லாரை படரும், பொன்னாங்கண்ணி தழைக்கும். பக்கத்துக் கால்வாய் ஓரத்தில், வெள்ளையும் இளநீலமும் கலந்த சின்னஞ்சிறு பூக்களோடு இன்னொரு செடியும் தரையோடு தரையாகக் கிடக்கும். அதுதான் நீர்ப்பிரம்மி.

லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு அந்த ஈர மண் இல்லாமல் போனது. வீட்டில் அதுபோல ஒன்றை அமைக்கலாம் என்றால் உடனே கொசுப் பயம் வருகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு மட்டும் 120,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. சிங்கப்பூரில் 2022-இல் 32,000-ஐத் தாண்டியது. வீட்டு வளாகத்தில் ஏடிஸ் கொசுப்புழு காணப்பட்டால் இரு நாடுகளிலும் அபராதம் உண்டு. அதனால் தண்ணீர் விரும்பும் செடி என்றாலே வேண்டாம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆனால் நீர்ப்பிரம்மிக்குத் தேங்கிய தண்ணீர் தேவையில்லை. அதற்கு வேண்டியது காயாத ஈர மண். கொசு முட்டையிடத் தேடுவது தண்ணீர் நிற்கும் இடத்தை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு பாத்தியை அமைத்தால் செடியும் வளரும், கொசுவுக்கும் இடமிருக்காது.

எது நீர்ப்பிரம்மி?

நீர்ப்பிரம்மியின் அறிவியல் பெயர் பகோபா மொன்னியேரி. ஒரு முறை நட்டால் ஆண்டுக்கணக்கில் படர்ந்துகொண்டே இருக்கும் பல்லாண்டுச் செடி இது. வெப்பமண்டல நாடுகளில் வயல் வரப்பு, ஓடைக்கரை, கடலோர ஈர மணல் ஆகிய இடங்களில் தானாக முளைக்கிறது. ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். மலாய் மொழியில் இதற்குப் 'பெரெமி' என்று பெயர். தாய்லாந்துக்காரர்கள் 'ப்ரொம்மி' என்கிறார்கள். இரண்டிலும் 'பிரம்மி' என்ற ஒலி கேட்பதைக் கவனிக்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே 'பிரம்மி' என்பார்கள். கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி. இங்குள்ள கடைகளிலும் இரண்டு செடிகளும் ஒரே பெயரில் விற்கப்படலாம். வாங்கும் முன் இலையைப் பார்த்தால் போதும்.

வல்லாரை, அதாவது பெகாகா, நீண்ட காம்பின் நுனியில் வட்டமாக, சிறுநீரக வடிவில், ஓரத்தில் பல் வெட்டோடு இருக்கும். நீர்ப்பிரம்மியின் இலை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். தடித்து, சாறு நிறைந்து, நுனியில் அகன்று கரண்டி போல் இருக்கும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூவுக்கு ஐந்து இதழ்கள். வாயில் வைத்தால் நல்ல கசப்பு.

தரையில் படரும் பருப்புக்கீரையும் பார்வைக்கு இதுபோலத் தெரியும். அதன் தண்டு சிவந்திருக்கும், பூ மஞ்சள். மீன் தொட்டிக் கடைகளில் 'பகோபா' என்ற பெயரில் இதன் இன்னோர் உறவுச் செடியும் கிடைக்கிறது. அதன் இலை சற்றுப் பெரியது. கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும், பூ நீலம். அது நீர்ப்பிரம்மி அல்ல.

கால்வாயிலிருந்து பறிக்கலாமா?

சமையலுக்காகப் பறிக்கவே கூடாது. இந்தச் செடி தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைக்கக்கூடியது. அசுத்த நீரைச் சுத்தப்படுத்த இதைப் பயன்படுத்தலாமா என்றுகூட ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பட்டறை, தொழிற்சாலை, நெடுஞ்சாலை ஓரக் கால்வாயில் செழித்து நிற்கும் செடியின் பச்சை நிறத்தை நம்பிவிடக் கூடாது. உலோகம் இலைக்குள் இருக்கும்போது எத்தனை முறை கழுவினாலும் போகாது.

செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடிப்பது வழக்கம். மலேசியாவில் பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் வேறு மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. மழை பெய்தால் மரத்தடியில் அடித்த மருந்து கால்வாய்க்குத்தான் வந்து சேரும்.

மாடு மேயும் ஈர நிலத்தில் பறிக்கும் நீர்க்கீரைகளைப் பச்சையாகச் சாப்பிட்டால் கல்லீரல் தட்டைப்புழு தொற்றும் அபாயம் உண்டு. எலிச் சிறுநீரால் பரவும் நோயும் கால்வாய்த் தண்ணீரோடு சேர்ந்தே வருவது. முன்பு தோட்டத்தில் எல்லாரும் பறித்தார்கள் என்பது உண்மைதான். இப்போது அந்தக் கால்வாயில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் பறிப்பது சரியல்ல.

சொந்தமாக ஒரு பாத்தி வைத்துக்கொள்ள இதுவே முக்கியக் காரணம். மண்ணும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று வளர்ப்பவருக்குத் தெரியும்.

தொட்டியில் ஈரப்பாத்தி

ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழமும் 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அகலமான தொட்டி போதும். குழந்தையைக் குளிப்பாட்டிய பழைய பிளாஸ்டிக் தொட்டியும், சந்தையில் கிடைக்கும் வெள்ளை மீன் பெட்டியும் பொருத்தமானவை. மீன் பெட்டியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். சாயம், எண்ணெய், பூச்சி மருந்து இருந்த வாளிகளைச் சாப்பிடும் செடிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வழக்கமான பூச்சட்டிக்கு அடியில் துளை போடுவோம். ஈரப்பாத்திக்கு அடியில் துளை கூடாது, பக்கவாட்டில்தான் போட வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில், பென்சில் நுழையும் அளவில், சுற்றிலும் நான்கைந்து துளைகள் போடுங்கள். உட்புறத்தில் துளைகளின் மேல் நைலான் வலைத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். மண் வெளியேறாது, கொசுவும் நுழையாது.

அடியில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பருமணலோ பொடிக்கல்லோ பரப்புங்கள். அதன் மேல் இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். மண்ணின் மேல்மட்டம் துளைகளைவிட ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரமாகவும், தொட்டியின் விளிம்பிலிருந்து சற்றுக் கீழேயும் இருக்க வேண்டும். நடுப்பகுதியை லேசாக மேடாக்கினால் மழைத் தண்ணீர் ஓரமாக இறங்கி வடியும்.

இந்த அமைப்பில் துளைக்குக் கீழே உள்ள மண் எப்போதும் ஊறியிருக்கும். கனமழை பெய்து தண்ணீர் கூடினால் துளை வழியாக வெளியேறிவிடும். மேல்மண் ஈரமாக இருக்கும், ஆனால் அதன் மேல் தண்ணீர் நிற்காது. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கொசு முட்டையிட முடியாது.

தொட்டியின் ஒரு மூலையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயை அடிவரை செருகி வைப்பதும் நல்லது. அதன் வழியே தண்ணீர் விட்டால் நேராக வேருக்குப் போகும். உள்ளே ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்தக் குழாயின் வாயை மூடியால் அடைத்தே வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் அதுவே ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும்.

மண் நிரப்பியதும் தண்ணீர் விட்டு மூன்று நான்கு நாள் அப்படியே விடுங்கள். மண் இறங்கி அமையும். குழி விழுந்த இடங்களை நிரப்பிச் சமமாக்கிய பிறகு நடலாம்.

அடுக்குமாடியில் இருப்போர் எடையையும் கவனிக்க வேண்டும். 40 லிட்டர் தொட்டி நனைந்த மண்ணோடு 50 கிலோவை எட்டிவிடும். மாடத்தில் வைப்பதற்கு அதில் பாதி அளவு தொட்டி போதும். விளிம்புச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் வீவக வீடுகளின் பொது நடைபாதையில் வைப்பதானால் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும்.

தரையில் அமைப்பதானால்

தாமான் வீட்டிலும் லயத்திலும் கொஞ்சம் நிலம் இருந்தால் தரையிலேயே செய்யலாம். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். விரிப்பின் பக்கங்களில் சில இடங்களில் துளையிட்டு, அதே மண் கலவையை நிரப்புங்கள். பாத்தியின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடச் சிறிது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் சுற்றுப்புறத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து குளமாகும். விரிப்பின் ஓரத்தை மடிப்பு விழாமல் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். மடிப்பில் தேங்கும் சிறிதளவு தண்ணீர்கூடக் கொசுவுக்குப் போதும்.

வீட்டுச் சுவரை ஒட்டி அமைக்க வேண்டாம், ஈரம் சுவரில் ஏறும். சமையலறைக் கழிவுநீரைப் பாத்திக்குத் திருப்பவும் கூடாது. அன்று குழாயடியில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்தார்கள். இன்று சோப்பு நீரும் எண்ணெயும்தான் வருகிறது. அது வேரைக் கெடுக்கும்.

நடுவதும் பராமரிப்பதும்

நீர்ப்பிரம்மிக்கு விதை தேட வேண்டியதில்லை. மூலிகைச் செடி விற்கும் நாற்றங்காலில் ஒரு சட்டி வாங்கினால் போதும். ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள நுனித் தண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்க் கணுக்களின் இலைகளை நீக்கி, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாகப் படுக்கவைத்து நடுங்கள். செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். ஒன்று இரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

கடையில் வாங்கிய செடிக்குப் பூச்சி மருந்து அடித்திருக்கலாம். அதனால் வாங்கி வந்த இலைகளைச் சாப்பிடாமல், வீட்டில் புதிதாகத் தழைத்து வருபவற்றையே பயன்படுத்துவது நல்லது.

நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலை வெயில் பட்டு மதியத்துக்கு மேல் சற்று நிழல் விழும் இடம் மிகவும் நல்லது. முழு நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும், பூக்காது.

எப்போது தண்ணீர் விடுவது என்பதை விரலை வைத்தே அறியலாம். ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி எடுங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் சரி. ஒட்டாமல் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. விரல் எடுத்த குழியில் தண்ணீர் ஊறி நின்றால் அளவு கூடிவிட்டது, அல்லது துளை அடைத்திருக்கிறது. கெடா, பெர்லிஸ் போன்ற வடமாநிலங்களில் பிப்ரவரி, மார்ச் மாத வெயிலில் தினமும் தண்ணீர் தேவைப்படும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் விடாமலும் இருக்கலாம்.

உரம் அதிகம் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அரிசி கழுவிய தண்ணீரை எப்போதாவது விடலாம். தினமும் ஊற்றினால் மண் புளித்து நாற்றம் எடுக்கும். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் எலி தேடி வரும்.

இந்தச் செடிக்குப் பெரிய எதிரி நத்தை. இரவில் டார்ச் விளக்கோடு பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்கி அகற்றுவதே சிறந்த வழி. நத்தை ஊர்ந்த இலையைப் பச்சையாகச் சாப்பிட்டால் மூளையைப் பாதிக்கும் ஒருவகைப் புழு தொற்றக்கூடும். அதனால் ஒவ்வோர் இலையையும் ஓடும் தண்ணீரில் கழுவிச் சமைத்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு.

ஓராண்டு கழிந்ததும் பாத்தியின் நடுவில் தண்டுகள் முற்றி இலையில்லாமல் வெறுமையாகும். செடி சாகிறது என்று நினைத்துப் பலர் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் உள்ள இளந்தண்டுகளை வெட்டி, பழைய வேர்களைக் களைந்து, புது மண் சேர்த்து நடுவிலே நட்டால் மீண்டும் தழைக்கும்.

இதே பாத்தியில் வல்லாரையையும் கேசோம் இலையையும் சேர்த்து வளர்க்கலாம். கங்கோங்குக்கு மட்டும் தனித் தொட்டி கொடுங்கள். அது படர்ந்து மற்றவற்றை மூடிவிடும்.

வாரத்துக்குப் பத்து நிமிடம்

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பாத்தியைச் சோதித்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும்.

அன்று பார்க்க வேண்டியவை சில. மேல்மண் இறுகியிருந்தால் சிறு முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். இறுகிய மண்ணின் மேல் மழைத் தண்ணீர் நிற்கும். சட்டி மண்ணைக் கிளறிவிடுமாறு சிங்கப்பூர்த் தேசியச் சுற்றுப்புற வாரியமும் வீடுகளுக்கு அறிவுறுத்துகிறது. துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள். குழாய் மூடியைச் சரிபாருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்திருந்தால் தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டைகள் காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். வெறுமனே கொட்டினால் போகாது.

பாத்தியில் கொசுப்புழு மருந்து போட வேண்டிய நிலை வந்தால் அமைப்பில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். மருந்தைத் தேடுவதைவிடத் தண்ணீர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே முறை.

ஞாபக சக்திக்கு உதவுமா?

நீர்ப்பிரம்மி என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இதற்கு நெடுங்கால இடம் உண்டு. பெரியவர்களிடம் நடத்தப்பட்ட சில ஆய்வுகளில், ஏறக்குறைய 12 வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட பிறகு நினைவாற்றல் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது அளவு நிர்ணயித்துத் தயாரித்த சாறு மாத்திரை. வீட்டுப் பாத்தியில் பறிக்கும் நான்கு இலைகள் அதே பலனைத் தரும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. சோதனைக்கு முதல் வாரம் பிள்ளைக்கு அரைத்துக் கொடுப்பதால் மதிப்பெண் கூடிவிடாது.

குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகிய பக்க விளைவுகளும் சிலருக்கு ஏற்படுகின்றன. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தைராய்டு மருந்தோ தூக்க மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் அப்படியே.

உடம்புக்கு ஒத்துக்கொள்பவர்கள் கீரையாக, சிறிதளவு சமைத்துச் சாப்பிடலாம். ஒரு கைப்பிடி இலையை நெய்யில் வதக்கி, தேங்காய், புளி, காய்ந்த மிளகாய் சேர்த்துத் துவையல் அரைத்தால் கசப்பு தணியும். பருப்புக் கூட்டில் கொஞ்சமாகச் சேர்ப்பதும் வழக்கம்.

ஒரு பாத்தி நன்றாகப் பிடித்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெட்டியே ஆகவேண்டும். வெட்டிய தண்டுகளை வீசாமல் ஈரத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது துளையைப் பக்கவாட்டில் போடும்படியும், குழாய்க்கு மூடி போடும்படியும், வாரம் ஒரு நாள் சோதிக்கும்படியும் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் தேங்கினாலும் கொசு இரண்டு வீட்டுக்கும்தான் வரும்.